வாசித்தும் விளங்காத தம்பிக்கு என்ன செய்வது?

வாசகர் கேள்வி, ரீச்சர் பதில்

கேள்வி: ரீச்சர், வணக்கம். நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். என் தம்பி வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், வணிகம் சார்ந்த படிப்பு. முதல் வருடத்திலேயே இரண்டு பாடம் ரிப்பீட் வந்துவிட்டது. சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்தாலும் நோட்ஸை விரித்து வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணி மட்டும் இருப்பான். பக்கம் முழுக்க மஞ்சள் பேனையால் கோடு போட்டிருப்பான். "என்னடா வாசிச்சனீ?" என்று கேட்டால் ஒரு வரி சொல்லத் தெரியாது. "வாசிக்கிறன் அக்கா, ஆனா ஒண்டும் மண்டைக்குள்ள நிக்குதில்லை" என்கிறான். விரிவுரை, நோட்ஸ், சோதனை எல்லாம் ஆங்கிலம். அதுதான் பிரச்சினை என்று நினைத்து ஆங்கில வகுப்பு ஒன்றுக்குக் காசு கட்டினோம், பெரிய மாற்றம் இல்லை. அவன் 2003இல் பிறந்தவன். முதலாம் வகுப்புக்குப் போக வேண்டிய 2009 தை மாதம் நாங்கள் போரால் இடம்பெயர்ந்து சாமான்களோடு ரோட்டில் நின்றோம். அவன் எழுத்துப் பழகியதே மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில்தான். ஏ.எல். படிக்கத் தொடங்கக் கொரோனா. இதெல்லாம்தான் காரணமா, இல்லை இவனுக்குப் படிப்பே வராதா? நான் ஏ.எல். வரைதான் படித்தேன், கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். என்னால் என்ன உதவி செய்ய முடியும்?
ஒரு அக்கா, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, படிப்பு வராத பிள்ளை ஏ.எல். பாஸ் பண்ணி, வெட்டுப்புள்ளி தாண்டி, பல்கலைக்கழக வாசலுக்குப் போயிருக்க மாட்டான். முதலில் இந்தக் கேள்வியை வீட்டில் யாரும் அவன் காதுபடக் கேட்காதீர்கள். அவன் ஏற்கெனவே தன்னைத்தானே அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.

ஆனால் ஏ.எல். பாஸ் பண்ணியவனுக்கு வாசிப்பு எப்படிக் கஷ்டமாக இருக்கும் என்று நீங்கள் யோசிக்கலாம். இருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்திலும் ரியூசனிலும் ஒரு பிள்ளை நீளமான ஒரு பகுதியைத் தானாக வாசித்து விளங்கிக்கொள்ளாமலே பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் ஓட்டிவிடலாம். ரீச்சர் வாசித்து விளக்குவா, பிறகு நோட்ஸ் சொல்லுவா, பிள்ளை எழுதும், பாடமாக்கும், கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பார்க்கும், சோதனையில் அதையே எழுதும். நல்ல புள்ளியும் வரும். பல்கலைக்கழகம் போனதும் ஒருவர் வந்து நாற்பது பக்கத்தைக் கொடுத்து, வாசித்துக்கொண்டு வா, அடுத்த கிழமை இதைப் பற்றிக் கதைப்போம் என்பார். பாடமாக்க முடியாத அளவு. அங்கேதான் உங்கள் தம்பி போன்ற கெட்டிக்காரப் பிள்ளைகள் திடீரென்று மக்குகள் மாதிரித் தங்களை உணர்கிறார்கள். இதில் 2009இல் எழுத்துப் பழகிய வயதுப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு சுமை இருக்கிறது. ஆறு, ஏழு, எட்டு வயதில்தான் எழுத்தைக் கூட்டி வாசிக்கிற பிள்ளை தடையில்லாமல் வாசிக்கிற பிள்ளையாக மாறுகிறது, அதற்குத் தேவை ஒன்றே ஒன்று: நிறைய, நிறைய வாசிப்பது. கூடாரத்துக்குள் ஒரு புத்தகத்தை நாலு பிள்ளைகள் பார்த்துப் படித்த காலத்தில் அது எங்கே கிடைத்திருக்கும்? அதனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் அது முடிந்துபோன கதை இல்லை, இருபத்திரண்டு வயதிலும் இதைத் திருத்தலாம், திருத்தியவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான்: "வாசித்தால் விளங்கவில்லை" என்பது ஒரே வருத்தம் இல்லை. அதற்குள் நாலைந்து வெவ்வேறு சங்கடங்கள் ஒளிந்திருக்கின்றன, எல்லாவற்றுக்கும் வெளியே தெரிகிற அறிகுறி மட்டும் ஒன்று. எங்கே தடக்குகிறது என்று பார்க்காமல் ஆங்கில வகுப்புக்குக் காசு கட்டியதால்தான் அந்தக் காசுக்குப் பலன் வரவில்லை.

1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்று இரண்டு ஆய்வாளர்கள் எளிமையான ஒரு கணக்குச் சொன்னார்கள். வாசித்து விளங்குவது என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும், அந்த மொழியைக் காதால் கேட்டால் விளங்கும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டுவது இல்லை, பெருக்குவது. அதாவது இரண்டில் ஒன்று பூச்சியமானால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூச்சியம். குளம் நிரம்பி இருந்தும் வாய்க்கால் அடைபட்டால் வயலுக்குத் தண்ணீர் வராது, வாய்க்கால் துப்புரவாக இருந்தும் குளம் வற்றினாலும் அதே கதிதான்.

இதை வைத்து நீங்களே வீட்டில் ஒரு சோதனை செய்யலாம், ஏ.எல். படிப்பு தாராளமாகப் போதும். ஒரு தமிழ்ப் பத்திரிகையில் அவனுக்கு அதிகம் பழக்கமில்லாத விசயம் பற்றிய அரைப் பக்கக் கட்டுரை ஒன்றை எடுங்கள். அவன் மனதுக்குள் வாசிக்கட்டும், மூடி வைக்கட்டும், என்ன இருந்தது என்று சொல்லட்டும். பிறகு அதே அளவு, அதே மாதிரிக் கடினமான இன்னொரு கட்டுரையை நீங்கள் சத்தமாக வாசியுங்கள், அவன் பார்க்காமல் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். அடுத்த நாள் அவனுடைய ஆங்கில நோட்ஸில் ஒரு பக்கத்தை இதே மாதிரி. ஆங்கிலத்தை நீங்கள் வாசிக்கக் கூச்சமாக இருந்தால் போனை வாசிக்க வையுங்கள், இப்போது பெரும்பாலான ஸ்மார்ட் போன்களில் அந்த வசதி இருக்கிறது. சோதனை வைக்கிறோம் என்ற தோரணை வேண்டாம். "டேய், இதில என்ன கிடக்கு எண்டு பாத்துச் சொல்லு" என்று சாதாரணமாகக் கேளுங்கள்.

தமிழில் கேட்டால் நன்றாகச் சொல்கிறான், அவனே வாசித்தால் சொல்ல முடியவில்லை என்றால், எழுத்து இன்னும் அவனுக்கு உழைப்பாக இருக்கிறது என்று அர்த்தம். தமிழ் எழுத்து பெரும்பாலும் ஒலியோடு ஒட்டிப் போவதால் இப்படியான பிள்ளைகள் பிழை விடாமல்தான் வாசிப்பார்கள், ஆனால் மெதுவாக வாசிப்பார்கள். பிழை இல்லாததால் பள்ளிக்கூடத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். வரியின் கடைசிக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகும், அதுதான் "நிக்குதில்லை". இதற்கு மருந்து திரும்பத் திரும்ப ஒரே பகுதியைச் சத்தமாக வாசிப்பது. ஜே சாமுவேல்ஸ் என்பவர் 1979இல் எழுதி வைத்த முறை. நூற்றைம்பது, இருநூறு சொல் உள்ள ஒரு பகுதி, அதை மூன்று நாலு தரம், தடங்கல் குறைந்து கதைக்கிற மாதிரி வரும்வரைக்கும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் நாள் தவறக் கூடாது. முதலில் தமிழ், கொஞ்ச நாளில் ஆங்கிலம். விடுதியில் நாலு பேருக்கு முன்னால் சத்தமாக வாசிக்க வெட்கப்படுவான், அதனால் இரவில் உங்களுக்குப் போன் எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் திருத்தவே தேவையில்லை, கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இதற்கு முன்னால் கண்ணைக் காட்டிவிடுங்கள். தலையிடி வருகிறதா, வரி தவறி அடுத்த வரிக்குப் போகிறானா, கொப்பியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிக்கிறானா என்று பாருங்கள். கண்ணாடி வேண்டியவனை மூன்று வருடம் சோம்பேறி என்று ஏசிய வீடுகள் எனக்குத் தெரியும். கண் சரி, தமிழ் வாசிப்பு சின்ன வயதிலிருந்தே மிகவும் மெதுவு, எழுத்துக்கூட்டலும் தொடர்ந்து பிழைக்கிறது, வீட்டில் வேறு யாருக்கும் அப்படி இருந்தது என்றால் டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாகவும் இருக்கலாம். அதற்கும் புத்திக்கும் தொடர்பில்லை. பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர்கள் இருப்பார்கள், அவரிடம் போய் யாரிடம் காட்டலாம் என்று கேட்கச் சொல்லுங்கள்.

சரி, தமிழில் வாசித்தாலும் கேட்டாலும் நன்றாகச் சொல்கிறான், ஆங்கிலத்தில் இரண்டிலும் தடுமாறுகிறான் என்றால் அது மொழி. இங்கே ஒரு கணக்கு உதவும். ஒரு பகுதியை அடுத்தவர் உதவியில்லாமல் நன்றாக விளங்கிக்கொள்ள அதிலுள்ள சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு தெரிந்திருக்க வேண்டும் என்று ஹு, நேஷன் என்பவர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாமல் இருக்கலாம். உங்கள் தம்பியின் நோட்ஸில் ஒரு பக்கத்தை எடுத்துத் தெரியாத சொல்லுக்கு எல்லாம் பென்சிலால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பக்கத்துக்கு முப்பது புள்ளி வந்தால், எத்தனை தரம் வாசித்தாலும் அது விளங்கப் போவதில்லை. ஆனால் பயப்படவும் வேண்டாம். அதே 2000ஆம் ஆண்டில் அவெரில் காக்ஸ்ஹெட் என்ற நியூசிலாந்துப் பெண், எந்தப் பாடமானாலும் பல்கலைக்கழகப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருகிற 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கிற சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தொகுத்துப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். கல்வி நூல்களில் வருகிற சொற்களில் பத்தில் ஒரு பங்கு அவைதான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். சாதாரணப் பேச்சு ஆங்கில வகுப்பில், கடைக்குப் போனால் எப்படிக் கேட்பது, பஸ்ஸில் எப்படிக் கதைப்பது என்று படிப்பித்திருப்பார்கள். அது நல்லதுதான், ஆனால் அவனுடைய புத்தகத்தில் வருகிற சொற்கள் அங்கே வராது. ஒரு கொப்பி போட்டு, நாளைக்கு ஐந்து சொல், சொல்லை மட்டும் எழுதாமல் அது வந்த முழு வரியோடும் எழுதச் சொல்லுங்கள். தனிச் சொல் இரண்டு நாளில் பறந்துவிடும்.

சொல் தெரிந்தும் நீண்ட ஆங்கில வரி விளங்காமல் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, இதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. தமிழில் வினை கடைசியில்தான் வரும், அதனால் கடைசிவரை பொறுத்திருந்து அர்த்தம் எடுப்பது எங்களுக்குப் பழக்கம். "நேற்று சந்தையில் கத்தரிக்காய் விற்ற அந்த மனிசன்" என்று விவரம் முழுக்க ஆளுக்கு முன்னால் வந்துவிடும். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வருவார், விவரம் அவருக்குப் பின்னால் இரண்டு வரி இழுபடும், வினை அதற்கும் பிறகு எங்கேயோ கிடக்கும். ஆகவே, நீண்ட வரி வந்தால் பென்சிலை எடுத்து, யார் அல்லது எது, என்ன செய்கிறது, இந்த இரண்டுக்கும் மட்டும் வட்டம் போட வேண்டும். நடுவில் கிடப்பதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு முதலில் வட்டங்களை மட்டும் சேர்த்து வாசிக்க வேண்டும். பிறகு அடைப்புக்குள் போனால் வழி தெரியும். அதோடு ஹவெவர் (எனினும்), தெயர்ஃபோர் (ஆகவே), ஆல்தோ (இருந்தாலும்), அன்லெஸ் (இல்லாவிட்டால்) போன்ற சின்னச் சொற்களைத் தாண்டிப் போகக் கூடாது. ஆசிரியர் திரும்புகிற இடம் அவைதான். இவற்றைக் கவனிக்காமல் வாசித்தவன் ஆசிரியர் மறுத்துச் சொன்னதை ஆசிரியரின் கருத்து என்று சோதனையில் எழுதி வைப்பான்.

மூன்றாவதாக, தமிழோ ஆங்கிலமோ, தெரிந்த விசயம் என்றால் விளங்குகிறது, தெரியாத விசயம் என்றால் இரண்டிலும் விளங்கவில்லை என்ற நிலை. 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு பேஸ்போல் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பலவீனம் என்று பெயர் எடுத்த, ஆனால் அந்த விளையாட்டு நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், நல்ல வாசகர்களான ஆனால் விளையாட்டுத் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாக விளங்கிக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது, ஏனென்றால் எங்கள் பிள்ளைகளைத் தலைநிமிர வைக்கிறது. பங்குச்சந்தை பற்றிய பாடம் முல்லைத்தீவுப் பிள்ளைக்கு விளங்காமல் இருப்பது வாசிப்புக் குறைபாடு இல்லை, அவன் அதைக் கண்டதில்லை, அவ்வளவுதான். அதற்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டாமல் முதலில் அதே விசயத்தைப் பற்றித் தமிழில் ஒரு வீடியோவோ, ஏ.எல். வணிகக்கல்வி நோட்ஸோ பார்த்துவிட்டுப் பிறகு ஆங்கிலப் பக்கத்துக்கு வர வேண்டும். இதில் எந்த வெட்கமும் இல்லை. முன்னறிவோடு வாசித்தால் வேலை சீக்கிரம் முடியும்.

கடைசி நிலை, வாசிக்கும்போது விளங்குகிறது, அடுத்த நாள் ஒன்றும் இல்லை. உங்கள் கடிதத்தில் அந்த மஞ்சள் கோடுகளைப் பற்றி வாசித்தபோதே எனக்கு இந்தச் சந்தேகம் வந்துவிட்டது. கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் மிகக் குறைந்த பலன் தருகிற படிப்பு முறைகள் என்று 2013இல் ஜோன் டன்லொஸ்கியும் கூட இருந்தவர்களும் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். கண்ணுக்குப் பழகிப்போவதால் தெரிந்த மாதிரி இருக்கும், மூடினால் தெரியாது. 2006இல் ரோடிகர், கார்பிக்கி செய்த சோதனையில், ஒரு பகுதியை இரண்டு தரம் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது, ஒரு தரம் வாசித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 வீதமும் இரண்டு தரம் வாசித்தவர்களுக்கு 42 வீதமும் நினைவில் இருந்தது. சோதனை எப்போதும் ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

அதனால் எந்த நிலையாக இருந்தாலும் இதை இன்றே தொடங்கலாம்: ஒரு பந்தி வாசி, பக்கத்தைக் கையால் மூடு, தமிழில் உன் சொந்த வாயால் சொல். புத்தகத் தமிழ் வேண்டாம், வீட்டில் கதைக்கிற தமிழ். ஒரு உதாரணம் காட்டுகிறேன். அவனுடைய பொருளியல் புத்தகத்தில் இப்படி ஒரு கருத்து வரும் என்று வையுங்கள்: "அறுவடைக் காலத்தில் வழங்கல் அதிகரிப்பதால் விலை வீழ்ச்சியடைகிறது. எனினும் களஞ்சிய வசதியுடைய உற்பத்தியாளர் தமது வழங்கலைப் பிற்போடுவதன் மூலம் இவ்வீழ்ச்சியின் தாக்கத்தைக் குறைத்துக்கொள்கின்றனர்." இதைப் பத்துத் தரம் பாடமாக்கலாம். ஆனால் மூடிவிட்டு அவன் இப்படிச் சொல்ல வேண்டும்: "மாசி, பங்குனியில காலபோகம் வெட்டி எல்லாரும் ஒரேயடியா நெல்லைக் கொண்டு வர விலை விழும். வைக்க இடம் இருக்கிறவன் வைச்சிருந்து பிறகு விப்பான், அவனுக்கு அடி குறைவு." அவ்வளவுதான், விளங்கிவிட்டது. இப்போது நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்ப இடம் இல்லாதவன் என்ன செய்வான்?" புத்தகத்தில் அது எழுதப்பட்டிருக்காது. "வந்த விலைக்குக் குடுத்திட்டுப் போவான், உரக்கடைக் கடன் நிக்குமே" என்று அவன் சொன்னால், வரியில் இல்லாததை வரியிலிருந்து எடுக்கிறான். சோதனையில் அதிகப் புள்ளி போடுகிற கேள்விகள் பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான் வருகின்றன. வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் கொழும்புப் பிள்ளைக்கு இல்லாத முன்னறிவு இருக்கிறது, அதை அவனுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

சொல்ல வரவில்லை என்றால் அந்தப் பந்திக்கு மட்டும் திரும்பிப் போய், எது தடுத்தது என்று பார்க்க வேண்டும், சொல்லா, வரியா, விசயமே தெரியாதா என்று. சொல் என்றால் அகராதி, வரி என்றால் பென்சில் வட்டம், விசயம் என்றால் வீடியோ அல்லது ஒரு ஆளிடம் கேட்பது. போனில் மொழிபெயர்ப்புப் போடலாமா என்று கேட்பான். முழுப் பக்கத்தையும் போட்டுத் தமிழை மட்டும் வாசிப்பதானால் வேண்டாம், அது ஆங்கிலத்தை என்றைக்கும் பழக்காது, கலைச்சொற்களும் பல நேரம் பிழையாக வரும். தானாக முயன்றும் ஒரு வரி பிடிபடவில்லை என்றால் அந்த ஒரு வரியைப் போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில பிள்ளைகளுக்கு எழுத்தும் மொழியும் அறிவும் எல்லாம் சரி, ஆனால் அமைதியாகப் புத்தகத்துக்கு முன்னால் இருந்தவுடன் மனம் வேறெங்கோ போய்விடும். நித்திரை இல்லை, சத்தத்துக்குத் திடுக்கிடுகிறான், பழையது நினைவு வருகிறது என்றால், ஆறு வயதில் அவன் பார்த்ததை நினைத்துப் பாருங்கள் தங்கச்சி. அதற்கு வாசிப்புப் பயிற்சி மருந்தாகாது. வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது மாணவ ஆலோசகரிடம் முதலில் கதைக்கச் சொல்லுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று பார்க்க வேண்டாம்.

கடிதத்தை வைத்து என் ஊகம், உங்கள் தம்பிக்கு மொழியும் மறதியும் கலந்திருக்கிறது, தமிழ் வாசிப்பும் கொஞ்சம் மெதுவாக இருக்கலாம். சோதனையைச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அந்த மஞ்சள் பேனையைப் பறிக்க வேண்டாம், ஆனால் பந்தியை மூடிச் சொல்லி முடித்த பிறகுதான் கோடு என்று ஒரு ஒப்பந்தம் போடுங்கள்.

கேள்வி: வேகமாக வாசிக்கப் பழக்குகிற ஆப் ஒன்றுக்கு விளம்பரம் பார்த்தேன். நிமிடத்துக்கு ஆயிரம் சொல் வாசிக்கலாம் என்கிறார்கள். காசு கட்டலாமா?
மாணவன், முல்லைத்தீவு

பதில்: வேண்டாம் தம்பி. ஆங்கிலம் தாய்மொழியான வளர்ந்தவர்களே கதை அல்லாத நூல்களை மனதுக்குள் வாசிக்கும்போது சராசரியாக நிமிடத்துக்கு 238 சொல்தான் வாசிக்கிறார்கள் என்று மார்க் பிரிஸ்பேர்ட் 2019இல் நிறைய ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார். ஆயிரம் என்பது வாசிப்பு இல்லை, மேலோட்டமாகப் பார்ப்பது. எந்தப் பக்கத்தில் தேவையானது இருக்கிறது என்று தேட அது உதவும், விளங்கிக்கொள்ள உதவாது. சொல்லும் விசயமும் பழகப் பழக வேகம் தானாக வரும். அந்தக் காசுக்கு நல்ல ஆங்கில அகராதி ஒன்று வாங்குங்கள்.

கேள்வி: ரீச்சர், மகள் கல்வியியற் கல்லூரியில் படிக்கிறாள். தமிழில்தான் படிப்பு. ஆனாலும் புத்தகம் விளங்கவில்லை என்று போனில் அழுகிறாள். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள், கூலி வேலை. நான் அவளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?
ஒரு அம்மா, மடு

பதில்: அம்மா, நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம், அவள் உங்களுக்குச் சொல்லட்டும். பள்ளிக்கூடத்துத் தமிழும் உளவியல், கல்வியியல் புத்தகத் தமிழும் ஒன்றில்லை. கனமான கலைச்சொற்களும் நீண்ட வரிகளும் வருகிறபோது தாய்மொழியும் அந்நியமாகத் தெரியும், அது அவளுடைய குறை இல்லை. அவள் போன் எடுக்கும்போது, சாப்பிட்டியா என்று கேட்ட கையோடு, "இண்டைக்கு என்ன வாசிச்சனீ, எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு பாப்பம்" என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாது என்பதுதான் இதில் பெரிய பலம். பாடம் தெரிந்தவரிடம் கலைச்சொல்லைச் சொல்லித் தப்பிவிடலாம், உங்களிடம் முடியாது, உடைத்துத்தான் சொல்ல வேண்டும். விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். "ஏன் அப்பிடி?" என்று கேளுங்கள், "அதுக்கு எங்கட வீட்டில நடந்த மாதிரி ஒண்டு சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை வளர்த்தவர் நீங்கள், குழந்தை வளர்ச்சி பற்றிய பாடம் என்றால் அவளுடைய புத்தகத்துக்கு உதாரணம் உங்களிடமே நிறைய இருக்கும்.

அவளுடைய அறைத் தோழிகளோடு சேர்ந்து வாசிக்கவும் சொல்லுங்கள். 1984இல் அனிமேரி பலின்க்சார், ஆன் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளிடம் செய்து பார்த்துப் பலன் கண்ட முறை ஒன்று இருக்கிறது. அதைத் தோழிகளோடு இப்படிச் செய்யலாம்: நாலு பேர் ஒரு பகுதியை வாசிப்பார்கள். ஒருத்தி அதைச் சுருக்கிச் சொல்லுவாள், ஒருத்தி கேள்வி கேட்பாள், ஒருத்தி விளங்காத இடத்தைப் பிடித்துத் தெளிவாக்குவாள், மற்றவள் அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பாள். அடுத்த பகுதிக்கு வேலைகளை மாற்றிக்கொள்வார்கள். கடினமான புத்தகமாக இருந்தால் முதல் கிழமை ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். மற்றவர்கள் ஒரு நாளில் முழுப் பாடத்தையும் முடித்துவிட்டதாகச் சொல்லுவார்கள், அதைக் கேட்டுக் கலங்க வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.